கோட்டைச் சுவரில் ஒரு வசனம்



பிரான்ஸ் நாட்டின் மிக நீளமான ஆறு லுவார். தெற்கே அர்தேஷ் மலைப்பகுதியில் ஊற்றெடுத்து, வடக்கு நோக்கி ஓடி, ஒர்லியோன் நகருக்குப் பக்கத்தில் மேற்கே திரும்பி, ஆயிரம் கிலோமீற்றருக்கும் சற்றுக் கூடுதலான பயணத்துக்குப் பின் அத்திலாந்திக் கடலில் சேர்கிறது. இதன் நடுப்பகுதியில் ஏறத்தாழ 280 கிலோமீற்றர் நீளமான பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. காரணம், ஆற்றின் இரு கரைகளிலும் அதன் கிளையாறுகளிலும் வரிசையாக நிற்கும் கோட்டைகளும் மாளிகைகளும்.

இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வாலிபர் ஐக்கியத்தார் பரிசிலிருந்து பஸ் பிடித்து இரண்டு நாள் அங்கே போய்வந்தோம். ஷாம்போர், புளுவா, அம்புவாஸ், ஷெனோன்சோ ஆகிய நான்கு இடங்களையும் பார்த்தோம். அவற்றின் அழகைச் சொல்லப் படங்கள் நிறைய உண்டு. நாங்கள் இங்கே எழுத நினைப்பது வேறொரு காரியம். அந்த வெள்ளைக் கற்களுக்குள்ளே கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களைக் கொன்றார்கள். அந்தக் கோபம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறியது. சில இடங்களில் அது நின்றும் போனது. எப்படிக் கைமாறியது, எப்படி நின்றது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

ஏன் இத்தனை மாளிகைகள்?

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 1337 முதல் 1453 வரை நடந்த நூற்றாண்டுப் போரில் ஒரு கட்டத்தில் பரிஸ் நகரமே ஆங்கிலேயர் பக்கம் போய்விட்டது. அப்போது ஏழாம் சார்ள்ஸ் லுவார் பக்கத்தில் ஒதுங்கியிருந்தார். ஜோன் ஒஃப் ஆர்க் என்ற கிராமத்துப் பெண் 1429இல் அவரைச் சந்திக்க வந்தது இந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஷினோன் கோட்டைக்குத்தான். போர் முடிந்த பிறகும் அரசர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தப் பக்கத்தை விட்டுப் போகவில்லை. காடு, வேட்டை, ஆற்றுப் போக்குவரத்து எல்லாம் இருந்தன. வெட்டுவதற்கு மென்மையான வெள்ளைச் சுண்ணக்கல்லும் கையெட்டும் தூரத்திலேயே கிடைத்தது.

எட்டாம் சார்ள்ஸ் 1494இல் இத்தாலிமீது படையெடுத்துப் போய், அங்கே கண்ட தோட்டங்களையும் மாளிகைகளையும் தன் ஊரிலும் வைக்க ஆசைப்பட்டு, இத்தாலியக் கலைஞர்களை அம்புவாசுக்கு அழைத்துவந்தார். அதே கோட்டையில் 1498ஆம் ஆண்டு ஒரு தாழ்ந்த கதவு நிலையில் தலை மோதி, சில மணி நேரத்தில் இறந்துபோனார். அவருக்கு வயது 27.

முதலாம் பிரான்சுவா 1519இல் ஷாம்போர் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 400க்கும் மேற்பட்ட அறைகள், 282 கணப்படுப்புகள். நடுவே ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி ஏறும் இரட்டைப் படிக்கட்டு. ஒரு படியில் ஏறுகிறவரும் மற்றப் படியில் இறங்குகிறவரும் இடையிலுள்ள திறப்புகள் வழியாக ஒருவரையொருவர் காணலாம். ஆனால் எதிரெதிரே சந்திக்கமாட்டார்கள். இவ்வளவையும் கட்டுவித்த அரசர் தம் 32 வருட ஆட்சியில் அங்கே தங்கியது மொத்தமாகச் சில வாரங்கள்தான். அவர் வரும்போது கட்டில், திரைச்சீலை, பாத்திரம் எல்லாம் வண்டிகளில் வரும். போகும்போது அவையும் போய்விடும். மற்ற நாளெல்லாம் மாளிகை வெறுமையாகக் கிடந்தது.

அரசரின் கதவில் ஒட்டிய தாள்

அம்புவாஸ் கோட்டை ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் நிற்கிறது. லியொனார்டோ டா வின்சி தம் கடைசி மூன்று வருடங்களை இந்த ஊரில்தான் கழித்து, 1519 மே 2ஆம் திகதி காலமானார். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அவரைத் தேடியே வருகிறார்கள். புரட்டஸ்தாந்து சபைகளின் சரித்திரத்தில் இந்த ஊருக்கு வேறொரு இடம் உண்டு.

1534 ஒக்டோபர் மாதம் ஓர் இரவில், கத்தோலிக்கத் திருப்பலியைக் கடுமையாகத் தாக்கி அச்சிட்ட தாள்கள் பரிசிலும் வேறு பல நகரங்களிலும் ஒட்டப்பட்டன. ஒன்று அம்புவாசில் அரசர் பிரான்சுவாவின் படுக்கையறைக் கதவிலேயே ஒட்டப்பட்டிருந்தது. அதுவரை சீர்திருத்தக்காரர்களை ஓரளவு பொறுத்திருந்த அரசர் அன்றோடு மாறினார். கைதுகளும் எரித்துக் கொல்லுதலும் தொடங்கின. அந்த நாட்களில் பிரான்சைவிட்டு வெளியேறியவர்களில் ஒருவர் ஜோன் கல்வின். 1536இல் அவர் பாசல் நகரில் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் முன்னுரை, இதே பிரான்சுவா அரசருக்கு எழுதிய கடிதமாக அமைந்திருக்கிறது.

1560 மார்ச்

அரசரின் பேரன் இரண்டாம் பிரான்சுவா பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு 15 வயது. அவருடைய இளம் மனைவி ஸ்காட்லாந்து அரசி மேரி ஸ்டூவர்ட். ஆட்சி உண்மையில் கீஸ் குடும்பத்தின் கையில் இருந்தது. அவர்கள் கடும் கத்தோலிக்கர். புரட்டஸ்தாந்தரான ஹியூகனோக்களை நசுக்குவதில் உறுதியாக இருந்தவர்கள். லா ரெனோதி என்ற பிரபு சில நூறு பேரைச் சேர்த்து, அரசரைக் கீஸ்களின் பிடியிலிருந்து எடுத்துவிடத் திட்டமிட்டார். ஜெனீவாவிலிருந்த கல்வின் இந்தத் திட்டத்தை ஆதரிக்கவில்லை.

செய்தி முன்கூட்டியே கசிந்துவிட்டது. அரச சபை புளுவாவிலிருந்து அதைவிடப் பாதுகாப்பான அம்புவாஸ் கோட்டைக்கு மாறியது. மார்ச் நடுப்பகுதியில் வந்தவர்கள் காடுகளிலும் வழிகளிலும் சிறுசிறு கூட்டமாகப் பிடிபட்டார்கள். லா ரெனோதி கொல்லப்பட்டார். பிறகு நடந்ததுதான் கொடுமை. நூற்றுக்கணக்கானோர் முறையான விசாரணையின்றிக் கொல்லப்பட்டார்கள். சிலருடைய தலைகள் வெட்டப்பட்டன. சிலர் லுவார் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார்கள். சிலர் கோட்டையின் மேல்மாடத்திலேயே தூக்கிலிடப்பட்டார்கள். ஆற்றை நோக்கிய அந்த இரும்பு மேல்மாடம் இன்றும் இருக்கிறது. அதன் கீழே நின்றுதான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம்.

அந்த மாதம் முடியுமுன்பே, மார்ச் 31ஆம் திகதி, அரச சபை சில மைல் தூரத்திலுள்ள ஷெனோன்சோ மாளிகைக்குப் போனது. அங்கே தாய் அரசி கத்தரின் டி மெடிசி தம் மகனையும் மருமகளையும் வரவேற்று ஒரு பெரிய விழா எடுத்தார். அலங்கார வளைவுகள், பாட்டு, வாணவேடிக்கை எல்லாம் இருந்தன.

இப்போது கவனியுங்கள். ஷெனோன்சோ மாளிகைக்குள் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. பிரெஞ்சு அரசர்களுக்கு ஸ்காட்லாந்து வீரர்கள் மெய்க்காவல் செய்வது நெடுநாள் வழக்கம். 16ஆம் நூற்றாண்டில் அந்த வீரர்கள் ஆலயச் சுவரில் தங்கள் மொழியில் செதுக்கிய வரிகள் இன்றும் அழியாமல் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, மனிதன் கோபப்படுவதால் தேவநீதி நிறைவேறுவதில்லை என்ற பொருள் கொண்டது. வேதாகமத்தில் யாக்கோபு 1:20ஐத் திறந்து பாருங்கள். இன்னொன்று, தீமை உன்னை மேற்கொள்ள இடங்கொடாதே என்பது. அது ரோமர் 12:21ஐ நினைவூட்டுகிறது. அம்புவாசில் அத்தனை பேரைக் கொன்றுவிட்டு விழாவுக்கு வந்தவர்கள் ஜெபிக்கிற இடத்தில் இந்த வசனம் சுவரிலேயே இருந்திருக்கிறது!

எட்டு வயதுப் பையன்

அதே 1560ஆம் ஆண்டில் ஜோன் தோபினியே என்ற ஹியூகனோ பிரபு தன் மகனை அழைத்துக்கொண்டு அம்புவாஸ் வழியாகப் போனார். சந்தை நாள், சனக்கூட்டம். கொல்லப்பட்ட தோழர்களின் தலைகள் இன்னும் அடையாளம் தெரிகிற நிலையில் கம்பத்தில் மாட்டப்பட்டிருந்தன. தகப்பன் மகனுடைய தலையில் கைவைத்து, இவர்களுக்காகப் பழிவாங்க உன் உயிரையும் பாராதே, தவறினால் என் சாபம் உன்மேல் வரும் என்ற கருத்தில் ஆணையிட்டார். அந்தப் பையன் அக்ரிப்பா தோபினியே, எட்டு வயது. இதைப் பிற்காலத்தில் அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்தார். அவர் போர்வீரராகவும் பெரிய கவிஞராகவும் வளர்ந்தார். ஆணையைக் காப்பாற்றினார். வாழ்நாளில் பெரும்பகுதியைப் போர்க்களத்தில் கழித்து, 1630இல் நாடிழந்தவராக ஜெனீவாவில் இறந்தார்.

பழி ஒரு பக்கத்தோடு நிற்கவில்லை. 1563இல் ஒர்லியோன் நகருக்கு வெளியே கீஸ் கோமகன் பிரான்சுவாவை ஒரு ஹியூகனோ சுட்டுக் கொன்றான். கொன்றவன் அம்புவாசில் இறந்த லா ரெனோதியின் உறவினன். தகப்பனைக் கொல்லச் சொன்னவர் ஹியூகனோத் தலைவர் கொலினியிதான் என்று நம்பிய மகன் ஹென்றி கீஸ், 1572 ஓகஸ்டில் பரிசில் கொலினியியைக் கொல்லுவித்தார். அதோடு தொடங்கியதுதான் பார்த்தொலோமேயு திருநாள் படுகொலை. அந்த ஹென்றி கீஸ் 1588 டிசம்பர் 23ஆம் திகதி புளுவா மாளிகையில், மூன்றாம் ஹென்றி அரசரின் கட்டளைப்படி, அரசரின் அறையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். எட்டு மாதம் செல்லுமுன் ஒரு துறவி அரசரைக் கத்தியால் குத்திக் கொன்றான். ஹியூகனோக்களும் சும்மா இருக்கவில்லை. 1568இல் ஒர்லியோன் பேராலயத்தை இடித்துத் தள்ளியவர்கள் அவர்கள்தான். ஒவ்வொருவரும் தன் பக்கம் நீதி இருக்கிறது என்றே நம்பினார்கள். சுவரில் இருந்த வசனத்தை முப்பது வருடச் சரித்திரம் இரத்தத்தால் மெய்ப்பித்துவிட்டது.

இடையிலே சமாதான முயற்சிகளும் நடந்தன. 1563இல் அம்புவாசிலேயே ஹியூகனோக்களுக்கு வரையறுத்த வழிபாட்டுச் சுதந்திரம் தரும் ஆணை பிறந்தது, அது நிலைக்கவில்லை. 1598இல் லுவார் ஆறு கடலைச் சேரும் பக்கத்திலுள்ள நாந்த் நகரில் நான்காம் ஹென்றி பிறப்பித்த ஆணைதான் போர்களை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதையும் 1685இல் பதினான்காம் லூயி நீக்கினார். ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஹியூகனோக்கள் சுவிஸ், ஜெர்மனி, ஒல்லாந்து, இங்கிலாந்து என்று ஓடினார்கள். அகதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இவர்களோடு பிரெஞ்சிலிருந்து அந்த மொழிக்குள் போனதுதான்.

இதை வாசிக்கிற நம்மில் பலருடைய பெற்றோரும் இதே நாடுகளுக்கு அகதிகளாக வந்தவர்கள். அவர்கள் சொல்லும் கதைகளில் எரிந்த வீடும் திரும்பி வராத உறவும் இருக்கின்றன. அந்தக் கதைகளைக் கேட்பதும் மறவாமல் வைத்திருப்பதும் நம் கடமை. ஜோன் தோபினியே தன் பிள்ளைக்கு நடந்ததைக் காட்டியதைக் குற்றமென்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் காட்டியதோடு நில்லாமல், எட்டு வயதுத் தலையில் ஓர் ஆணையையும் ஏற்றிவைத்தார். நினைவு வேறு, ஆணை வேறு. முன்னதை நாம் சுமக்கலாம், சுமக்கவும் வேண்டும். பின்னதை வாங்குமுன் ஜெபித்து யோசிக்க வேண்டும்.

கோட்டையில் ஒரு கைதி

அம்புவாஸ் கோட்டைத் தோட்டத்தில் ஒரு மூலையில் வரிசையாக 25 கற்கள் இருக்கின்றன. அவை அல்ஜீரிய முஸ்லிம்களின் நினைவுக் கற்கள்.

அப்துல் காதிர் என்ற அமீர் 1832 முதல் 15 வருடங்கள் பிரெஞ்சுப் படைகளை எதிர்த்துப் போரிட்டவர். 1847 டிசம்பரில், கிழக்கே ஒரு முஸ்லிம் நாட்டுக்குப் போகவிடுவோம் என்ற வாக்குறுதியை நம்பிச் சரணடைந்தார். பிரெஞ்சு அரசு வாக்கை மீறி அவரைச் சிறைவைத்தது. 1848 நவம்பரில் குடும்பத்தோடும் பரிவாரத்தோடும் அம்புவாஸ் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார். நான்கு வருடங்கள் அங்கே இருந்தார். குடும்பத்தாரும் உடன் வந்தவர்களுமாக 25 பேர் அந்தக் கோட்டையிலே இறந்து அடக்கம்பண்ணப்பட்டார்கள்.

அவருக்காகப் பேசியவர்களில் ஒருவர் கத்தோலிக்க ஆயர் துப்பூஷ். அல்ஜியர்ஸ் நகரின் முதல் ஆயரான இவர் முன்பு கைதிகளை விடுவிப்பதற்காக அமீரோடு தொடர்புகொண்டவர். 1849இல் அமீரின் விடுதலையைக் கேட்டு ஒரு நூலே எழுதினார். கடைசியில் 1852 ஒக்டோபர் 16ஆம் திகதி லூயி நெப்போலியன் நேரில் அம்புவாசுக்கு வந்து விடுதலையை அறிவித்தார்.

வாக்குமீறிச் சிறைவைத்தவர்கள் கிறிஸ்தவர்கள். அப்துல் காதிரின் நெஞ்சில் கோபத்துக்குக் காரணமா இல்லை? ஆனால் 1860 யூலையில் அவர் வாழ்ந்துவந்த தமஸ்கு நகரில் கலகக் கும்பல்கள் கிறிஸ்தவர்களைக் கொல்லத் தொடங்கியபோது, தம்மோடிருந்த அல்ஜீரியர்களை அழைத்துக்கொண்டு வீதியில் இறங்கினார். கண்ட கிறிஸ்தவர்களையெல்லாம் தம் வீட்டுக்குக் கூட்டிவந்தார். வீடு நிறைந்ததும் நகரக் கோட்டைக்குப் பாதுகாப்பாக அனுப்பினார். அப்படி ஆயிரக்கணக்கானோர் தப்பினார்கள். அவர்களில் ஐரோப்பியத் தூதரகத்தாரும் இருந்தார்கள். அவரைச் சிறைவைத்த பிரான்ஸ் தன் மிக உயர்ந்த விருதை அவருக்கு அனுப்பியது.

அம்புவாஸ் மேல்மாடத்தில் கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களைத் தூக்கிலிட்டது 1560இல். அதே கோட்டையில் கைதியாக இருந்த ஒரு முஸ்லிம் கிறிஸ்தவர்களைக் காத்தது 1860இல். நல்ல சமாரியன் உவமையை ஞாயிறு பாடசாலையில் படித்தபோது நமக்குத் தெரியாதிருந்த ஒரு பெயர் இது.

நடன மண்டபத்தில் 120 கட்டில்கள்

மறுபடியும் ஷெனோன்சோவுக்கு வருவோம். இது லுவாரின் கிளையாறான ஷேர் ஆற்றின் மேல் பாலம்போலக் கட்டிய மாளிகை. 1513இல் தொடங்கிய கட்டட வேலையை முன்நின்று நடத்தியவர் உரிமையாளரின் மனைவி கத்தரின் பிரிசோனே. பிறகு அரசரின் காதலி டியான் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார். அரசர் இறந்ததும் கத்தரின் டி மெடிசி டியானை வெளியேற்றி, அந்தப் பாலத்தின்மேல் 60 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் 18 யன்னல்களும் கொண்ட ஒரு மண்டபத்தை எழுப்பினார். விருந்துக்கும் நடனத்துக்கும் என்று கட்டிய மண்டபம் அது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மாளிகையின் சொந்தக்காரியாக இருந்த மூதாட்டி லூயிஸ் துப்பேன், ஆலயத்துக்குள் விறகை அடுக்கி விறகுக் கொட்டில் ஆக்கியதால் ஆலயம் தப்பியது. சுவரிலிருந்த வசனமும் தப்பியது.

முதலாம் உலகப் போர் தொடங்கியபோது மாளிகை மெனியே குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்தது. சொக்லேற் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பம். செனற்றர் கஸ்தோன் மெனியே தம் சொந்தச் செலவில் அந்த நடன மண்டபத்தை இராணுவ வைத்தியசாலையாக மாற்றினார். 120 கட்டில்கள் போடப்பட்டன. சத்திரசிகிச்சை அறையும் எக்ஸ்ரே கருவியும் வந்தன. அவருடைய மருமகள் சிமோன் மெனியே தலைமைத் தாதியாக நின்று நடத்தினார். 1918 டிசம்பர் கடைசிவரை 2,254 காயக்காரர் அங்கே பராமரிக்கப்பட்டார்கள்.

எங்களில் தாதியர் வேலை செய்கிறவர்கள் அந்த மண்டபத்தில் நின்றபோது கண்ணுக்கு முதலில் பட்டது யன்னல்கள்தான். இரு பக்கமும் வெளிச்சம், ஆற்றுக் காற்று, ஒரு முனையில் நின்றால் மறுமுனைக் கட்டில்வரை தெரியும் நீளம்: பழைய வாட்டுகளை இப்படித்தான் கட்டுவார்கள். பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928இல். ஆகவே அந்த நாட்களில் சேறும் துணித்துண்டும் புகுந்த காயத்தில் கிருமி பரவாமல் காக்க மருந்தைவிட மனிதக் கைதான் அதிகம் உழைத்தது. திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கட்டை அவிழ்த்து மணத்தைப் பார்க்க வேண்டும். நிறத்தைப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் காய்ச்சலை அளக்க வேண்டும். 2,254 என்ற எண்ணிக்கைக்குப் பின்னால் இருப்பது இந்த வேலைதான்.

இன்னொரு போரில் அதே மண்டபம் வேறுவிதமாக உதவியது. 1940இல் ஜெர்மனி பிரான்சைப் பிடித்தபோது ஷேர் ஆறு எல்லைக்கோடாயிற்று. மாளிகையின் முன்வாசல் ஜெர்மானியர் பிடித்த பகுதியில். மண்டபத்தின் தெற்குக் கதவு திறந்தால் அவர்கள் பிடிக்காத பகுதி. 1942 நவம்பரில் ஜெர்மானியர் அந்தப் பகுதிக்குள்ளும் நுழையும்வரை, அந்தக் கதவு வழியாகப் பலர் தப்பிப் போனார்கள்.

அம்புவாசும் ஷெனோன்சோவும் ஒரே ஆற்றுவெளியில், ஒரே காலத்து அரசர்கள் வாழ்ந்த கட்டடங்கள். மேல்மாடத்தைத் தூக்குமரம் ஆக்கியதும் மனிதர்கள். நடன மண்டபத்தை வைத்தியசாலை ஆக்கியதும் மனிதர்கள். கட்டினவர்களின் எண்ணம் ஒன்றாக இருந்தது. பிற்காலத்தில் வந்தவர்கள் அதை மாற்ற முடிந்தது. நமக்குக் கையளிக்கப்பட்ட கதைகளும் இப்படிப்பட்டவைதான் என்று நாங்கள் நினைக்கிறோம். அவை நமக்கு முன்னே கட்டி முடிந்தவை. அவற்றுக்குள் யாரை வரவேற்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

லுவார் பக்கம் போக வாய்ப்புக் கிடைத்தால் அம்புவாசில் மேல்மாடத்தைப் பார்த்த பிறகு தோட்டத்து 25 கற்களையும் போய்ப் பாருங்கள். ஷெனோன்சோவில் கூட்டம் நேரே மண்டபத்துக்குப் போகும். நீங்கள் முதலில் சிற்றாலயத்துக்குப் போங்கள். சுவரிலுள்ள எழுத்து சிறியது, தேடித்தான் பார்க்க வேண்டும். அதை வாசித்துவிட்டு, உங்களுக்கு யார்மேல் கோபம் இருக்கிறதோ அவருடைய பெயரைச் சொல்லி அங்கேயே ஒரு நிமிடம் ஜெபியுங்கள். அதன்பின் மண்டபத்துக்குள் போய் அதன் மறுமுனைக் கதவுவரை நடந்து பாருங்கள்.